மருத்துவிச்சியின் புருஷனுக்கு ஒரு கயாக்

தை 13

இன்று என்னை அளந்தார்கள். சட்டை தைப்பதற்கு அல்ல, கயாக் என்ற ஒற்றையாள் படகு செய்வதற்கு.

இந்தக் கிரீன்லாந்து ஊருக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். டென்மார்க்கில், ஹெர்னிங் நகரில், வாழ்நாளில் பாதியைத் தபால்காரனாகக் கழித்து, முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு ஓய்வெடுத்தேன். அதே மாதம் பவளத்துக்கு இங்கே ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சி வேலை கிடைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். பரராசசிங்கம் என்ற என் பெயர் இங்கே ஒருவருக்கும் தெரியாது. "மருத்துவிச்சியின் புருஷன்" என்றால் நாய்க்கும் தெரியும்.

கயாக் சங்கத்தில் என்னைச் சேர்த்துவிட்டதும் பவளம்தான். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. "குசினிக்குள்ள நிண்டு புறுபுறுக்காமல் போய் மனிசரோட பழகுங்கோ" என்றாள்.

அளந்தவள் பெயர் நிவி. தபால் கந்தோரில் வேலை, முப்பது வயது இருக்கும். கயாக்கோடு கவிழ்ந்து நிமிரும் போட்டியில் பதக்கங்கள் வாங்கியவள். நான் கேட்காமலே சொன்னாள். "இந்தக் கரையில கயாக் கட்டுறதில நான் ரெண்டாவது ஆள். முதலாவது ஆள் செத்துப்போனார்." டேனிஷில்தான் பேசுவோம். அதில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'. எழுதும்போது நான் மரியாதையும் யாழ்ப்பாணமும் சேர்த்துக்கொள்கிறேன்.

இரண்டு கையையும் விரித்து நிற்கச் சொன்னாள். என் விரித்த கைகளைப்போல மூன்று மடங்கு, படகின் நீளம். தரையில் கால் நீட்டி இருத்தி, இடுப்பின் இரு பக்கமும் என் முஷ்டியையே வைத்துப் பார்த்து, படகின் அகலம். இடுப்போடு ஒட்டி அளந்து, ஆள் இருக்கும் வாயின் அகலம். தொடைக்கு மேலே வரும் வளைந்த குறுக்குச் சட்டத்துக்கு மாசிக் என்று பெயராம். அதற்கும் என் முஷ்டியும் பெருவிரலும்தான் அளவு. ஒன்றையும் எழுதிவைக்கவில்லை. வெறும் கயிற்றில் முடிச்சுப் போட்டாள், வேலை முடிய முடிச்சை அவிழ்ப்பாளாம்.

"எழுதி வைச்சால் என்ன, பிள்ளை?" என்றேன்.

"எதுக்கு? ஆள் இருக்குதுதானே."

மாசி 4

சங்கத்துக் கட்டடத்தில் முகட்டிலிருந்து இரண்டு கயிறு தொங்குகிறது. அதில் ஏறிப் படுத்து, உருண்டு, தலைகீழாகி, மறுபடி மேலே வரவேண்டும். கடலில் கவிழ்ந்தால் நிமிர்வதற்கு உடம்பைப் பழக்குகிறார்களாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வௌவால் குஞ்சுகள் மாதிரிச் சுழல்கிறார்கள். நான் காயப்போட்ட சாரம் மாதிரித் தொங்கினேன்.

"சரியாச் செய்யிறனோ?" என்று நிவியிடம் கேட்டேன். பேசாமல் நின்றாள். மறுபடி கேட்டேன். மறுபடியும் பேசாமல் நின்றாள். கோபம் வந்துவிட்டது. வீட்டில் வந்து சொன்னால் பவளம் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இங்கே புருவத்தை உயர்த்தினால் 'ஓம்', மூக்கைச் சுருக்கினால் 'இல்லை'. வாயைத் திறக்க மாட்டார்கள். பிரசவ அறையில் முதல் வாரம் தானும் இப்படித்தான் திண்டாடினாளாம். ஒன்றரை வருடமாக இதை எனக்குச் சொல்லவில்லை, பாருங்கள்.

பங்குனி 17

எலும்புக்கூடு தயார். விலா மரங்களை ஆவியில் வேகவைத்து வளைத்தோம். என் வேலை கேத்தல் பார்ப்பது. எல்லாவற்றையும் கயிற்றால் கட்டுகிறார்கள், ஆணி இல்லை. அலையில் படகு கொஞ்சம் நெளிய வேண்டுமாம்.

முன்பெல்லாம் சீல் தோல் போர்த்துவார்கள். இப்போது தடித்த நைலோன் துணி. அதை முதுகுப்பக்கம் தண்ணீர் புகாமல் தைக்க வேண்டும். பவளம் வேலை முடிந்து என்னைக் கூட்டிப்போக வந்தவள், ஊசியை வாங்கிக் குனிந்துவிட்டாள். நிவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது பிள்ளைக்குப் போடுற தையலோ?"

"தாய்க்குப் போடுறது" என்றாள் பவளம்.

நிவி புருவத்தை உயர்த்தினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் பொறாமை. பவளம் இடுப்பு வலிக்கத் தைத்து முடித்துவிட்டு, "இதுக்குள்ளால தண்ணி வந்தால் என்ர பேரை மாத்துங்கோ" என்றாள். நல்ல மனிசி எனக்கு வாய்த்தாள். இதை நேரில் சொன்னால் என்ன வேண்டும் என்று கேட்பாள்.

சித்திரை 21

கடலில் இறக்கினோம். கயாக்கில் ஏறுவது என்று சொல்வதே பிழை. அதை உடுத்த வேண்டும். காலை நுழைத்து, இடுப்பை நெளித்து உள்ளே தள்ளினால், மாசிக் தொடையில் வந்து உட்காருகிறது. பிறகு துயிலிக். தலைமூடி வைத்த நீளச் சட்டை. முகத்தைச் சுற்றி இறுக்கி, மணிக்கட்டில் இறுக்கி, அடி விளிம்பைப் படகின் வாயில் மாட்டிவிட்டால் ஆளும் படகும் ஒரே தோல். நான் இடுப்பை அசைத்தால் படகு அசைகிறது. தும்மினால் படகும் தும்முகிறது.

வழக்கப்படி ஊரைக் கூப்பிட்டுக் கோப்பி கொடுத்தோம். கேக் அவர்கள் கொண்டுவந்தார்கள், நான் வடை சுட்டேன். ஒரு கிழவர் ஏழு வடை தின்றுவிட்டு, இது எந்த மீன் என்று கேட்டார்.

பிறகு நிவி கையைத் தட்டி எல்லோரையும் பார்க்க வைத்தாள். என் இடுப்புக்கும் மரத்துக்கும் நடுவே விரலை நுழைத்துக் காட்டினாள். ஒரு விரல்தான் போனது. "பாத்தியளோ? நான் அளந்தால் அளந்ததுதான்." அடக்கம் என்பது அவளுக்கு என்னவென்றே தெரியாது. எனக்கு அவளை அதற்காகத்தான் பிடிக்கிறது.

வைகாசி 19

நிமிர்ந்துவிட்டேன்!

முதலில் வாரக்கணக்காக நிவி கற்றுத்தந்தது நிமிர்வதை அல்ல, காத்திருப்பதை. கவிழ்ந்தால் பதறி வெளியே வரக்கூடாது. இந்தக் கடலில் படகை விட்டவன் பிழைக்க மாட்டான். தலைகீழாகவே இருந்து, இரண்டு கையையும் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கூட்டாளி தன் கயாக்கின் மூக்கைக் கொண்டுவந்து கையில் தருவான். அதைப் பிடித்து எழும்பலாம். எனக்கு அது பிச்சை கேட்பது மாதிரி இருந்தது. "நானே எழும்புறன்" என்று ஒவ்வொரு நாளும் அடம்பிடித்தேன்.

இன்று எழும்பினேன். துடுப்பை விரித்து, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, தலையைக் கடைசியாக விட்டேன். வானம் தன் இடத்துக்கு வந்தது. கரையில் நின்ற எல்லோரும் "பரா! பரா!" என்று கத்தினார்கள். இந்த ஊரில் என் பெயரை நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து பவளத்தைத் தூக்கிச் சுற்றினேன். "முழங்கால், முழங்கால்" என்று கத்தினாள்.

ஆனி 3

கரையோரம் குட்டி மீன் கூட்டம் வந்துவிட்டது. ஊரே வலைக்கரண்டியோடு இறங்கி வாளி வாளியாக அள்ளுகிறது. நெத்தலி மாதிரிப் பொரித்தேன். ஒரு சட்டி சோற்றோடு நானே முடித்துவிட்டேன். இப்போதெல்லாம் அகோரப் பசி. அப்படித் தின்றும் இடுப்புப்பட்டியில் புதிய ஓட்டை போட வேண்டியிருக்கிறது. தேகப்பயிற்சி என்றால் இதுவல்லவா.

குளிரும் பழகிவிட்டது. யன்னலைத் திறந்துவைத்துத்தான் படுக்கிறேன். பவளம் இரண்டு போர்வைக்குள் கிடந்து, "எஸ்கிமோவுக்கும் இந்தளவு கூடாது" என்று திட்டுகிறாள். அந்தச் சொல்லை இங்கே சொல்லக்கூடாது என்று அவளே எனக்குச் சொன்னவள்.

ஆனி 12

கை கொஞ்சம் நடுங்குகிறது. கோப்பியைக் குறைக்க வேண்டும்.

ஆனி 16

மூன்று தடவை கவிழ்ந்தேன். மூன்று தடவையும் நிமிர முடியவில்லை. இடுப்பை வெட்டினால் நான் மட்டும் திரும்புகிறேன், படகு திரும்பவில்லை. நிவி வந்து தன் படகின் மூக்கைத் தந்துதான் தூக்கினாள்.

கரையில் வைத்து என் இடுப்போரம் கையை விட்டாள். முழுக்கை போனது. வெளியே எடுத்தாள், மறுபடி விட்டாள். அவள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

"நான் அளந்தது பிழை" என்றாள்.

மரம் காய்ந்து விலகியிருக்குமோ என்று தடவிப் பார்த்தாள். முடிச்சுப் போட்ட கயிற்றை அவிழ்த்துவிட்டோமே என்று தலையில் தட்டிக்கொண்டாள். நான் கனத்த சுவெட்டர் போட்டிருந்தேன். உள்ளே இருக்கும் ஆளை அவள் பார்க்கவில்லை.

"பரவாயில்லை, பிள்ளை" என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனி 17

ஏன் சொல்லவில்லை என்பதை எழுதிவைக்கிறேன். சொன்னால் அது பவளத்தின் காதுக்குப் போகும். போன உடனே கயாக்கைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போடுவாள். நாள் முழுக்க அவளுக்கு நோயாளிகள். வீட்டில் நான் புருஷன். அவள் சந்தையில் சூரைமீன் வாங்குவது மாதிரி என் கண்ணை இழுத்துப் பார்ப்பதை நான் விரும்பவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை. மெலிந்திருக்கிறேன், அவ்வளவுதான். மெலியச் சொல்லி இருபது வருடமாக நச்சரித்தவளும் அவள்தானே.

மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடிக்கும் சத்தம் காதில் கேட்கிறது. படி செங்குத்து.

ஆனி 29

படகின் இரு பக்கமும் நுரைமெத்தை வெட்டி ஒட்டினாள் நிவி. வேலை செய்யும்போது பாட்டுப் பாடுகிறவள், இன்று வாயே திறக்கவில்லை.

தன் மகளுக்குப் படகு கட்டித்தரச் சொல்லியிருந்த ஒருவர், வேறு ஊரில் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவரைப் பிழை சொல்ல முடியாது. அளவு தெரியாதவள் கட்டிய படகில் யார் தன் பிள்ளையை ஏற்றுவான்?

ஆடி 6

இன்றும் சொல்லவில்லை.

ஆடி 9

தபால் கந்தோருக்குப் போனேன். முத்திரை தேவையில்லை, ஆனாலும் வாங்கினேன். நிவி என் கையில் மிச்சக் காசை வைத்தபோது கை ஆடியது. "குளிருதா?" என்றாள். ஆடி மாதம், வெயில், அவள் அரைக்கைச் சட்டை. ஓம் என்று புருவத்தை உயர்த்தினேன். பொய் சொல்ல வாயே திறக்கத் தேவையில்லாத ஊர் இது.

உளியும் இழைப்புளியும் எல்லாவற்றையும் சங்கத்துக்கே கொடுத்துவிட்டாளாம். "நான் இனித் துடுப்பு மட்டும்தான் போடுவன்" என்றாள்.

ஆடி 14

எல்லாம் முடிந்தது. கை இன்னும் நிலைக்கு வரவில்லை, எழுத்துக் கோணல்மாணலாக வரும்.

காலையில் நிவியும் நானும் மட்டும். கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. துடுப்பை மாற்றிப் பிடிக்கும்போது கை நடுங்கி நழுவியது, கவிழ்ந்தேன். காத்திருக்கத்தான் நினைத்தேன். கையை நீட்டினேன். ஆனால் நுரைமெத்தை கழன்று போக, தலைகீழாக இருந்த நான் படகுக்குள்ளிருந்து வழுக்கி வெளியே வந்துவிட்டேன். துயிலிக்குக்குள் தண்ணீர் புகுந்தது. குளிர் பழகிவிட்டது என்று எழுதினேனே, அது பொய். நெஞ்சு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிவி என்னைத் தன் படகின் முதுகில் குப்புறப் போட்டு இழுத்து வந்தாள்.

கரையில் கல்லில் இருந்து அவள் அழுதாள். பதக்கக்காரி, எல்லோரையும் நக்கல் அடிக்கிறவள், மூக்கு வடிய அழுதாள்.

"என்ர பிழையால நீங்கள் செத்திருப்பியள். நான் பவளத்தின்ர முகத்தில எப்பிடி முழிப்பன்? இந்தப் படகை இண்டைக்கே அரிஞ்சு போடுறன். இனி ஒரு மனிசரையும் நான் அளக்க மாட்டன்."

எழும்பி மரம் அரியும் வாளை எடுக்கப் போய்விட்டாள். அப்போதுதான் என் வாய் திறந்தது.

"பிள்ளை, அளவு பிழையில்லை. ஆள்தான் பிழை."

நின்றாள். நான் துயிலிக்கைக் கழற்றினேன், சுவெட்டரைக் கழற்றினேன். விலா எண்ணலாம். இடுப்புப்பட்டியில் நானே ஆணியால் குத்திய ஓட்டைகளைக் காட்டினேன். நெஞ்சடிப்பைச் சொன்னேன், நடுக்கத்தைச் சொன்னேன், எவ்வளவு நாளாக என்றும் சொன்னேன். அவள் ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தாள். பிறகு ஈரக் கையுறையால் என் தோளில் ஓங்கி ஒரு அடி.

"ஒரு மாசம்! ஒரு மாசமா என்னைப் பைத்தியம் ஆக்கினியள்!"

இன்னொரு அடி. பிறகு தன் சட்டையை என்மேல் போட்டு, கையைப் பிடித்து, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள்.

பவளம் பிரசவ அறையிலிருந்து வந்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு கழுத்தில் இரண்டு விரலை வைத்து, "விழுங்குங்கோ" என்றாள். விழுங்கினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவே இல்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

ஆடி 22

இரத்தம் நூக் நகருக்குப் போய் முடிவு வந்தது. கழுத்தில் உள்ள தைரொயிட் சுரப்பி தறிகெட்டு ஓடுகிறதாம். பசியும் மெலிவும் நடுக்கமும் வேர்வையும் எல்லாம் அதன் கூத்து. புற்றுநோய் இல்லை. குளிசை போட்டால் அடங்கும், மாதங்கள் எடுக்கும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இதயம் குழம்பியிருக்கும். அடங்கும் வரை கடல் கூடாது.

பாத்திரம் கழுவிக்கொண்டே பவளம் சொன்னாள்: "ஊரில இருக்கிற வயிறெல்லாம் தொட்டுப் பாக்கிறன். அதுக்குள்ள பிள்ளை எந்தப் பக்கம் படுத்திருக்கு எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். என்ர வீட்டு மனிசன்..."

ஒரே கோப்பையை மூன்று தரம் கழுவினாள்.

"நான்தானே ஒளிச்சனான், பவளம். நீர் என்ன செய்வீர்?"

"நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்து ஒவ்வொரு நாளும் ஒரு கட்டை மாதிரிப் படுத்தன். அதுதான் செய்தன்."

அவள் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆவணி 5

நிவியிடம் போனேன். படகை இப்போதைய என் அளவுக்குக் குறைத்துத் தரச் சொன்னேன். மாசிக்கைக் கொஞ்சம் இறக்கி, வாயைக் கொஞ்சம் சுருக்கினால் போதும், டொக்டர் விட்டதும் போகலாம் என்றேன்.

மூக்கைச் சுருக்கினாள்.

"ஏன்? உளியைத் திருப்பி வாங்கிட்டியள்தானே?"

"வாங்கினன். இப்ப மூண்டு பேருக்குக் கட்டுறன். இதைத் தொட மாட்டன்."

"இப்ப இருக்கிற எனக்கு இது பெரிசு."

"இப்ப இருக்கிறது நீங்கள் இல்லை, உங்கட கழுத்து வருத்தம். வருத்தத்துக்கு நான் படகு செய்யிறேல்லை. இது பராவுக்குச் செய்தது. பரா வரும் வரைக்கும் இருக்கட்டும்."

வெளியே வந்து தெருவோரக் குழாயில் முகம் கழுவினேன். கண்ணில் தூசு என்று எழுதலாம். இந்த ஊரில் தூசு இல்லை.

புரட்டாதி 2

நிவி தபால் கந்தோருக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள், பார்சலை நிறுக்கும்போதே: அளவு சரி, ஆள்தான் சுருங்கிவிட்டார் என்று. இப்போது ஊர் முழுக்க என் வயிற்றைத்தான் பார்க்கிறது. கடையில் பால் எடுக்கிற பெண் குனிந்து பார்க்கிறாள். வடைக் கிழவர் தெருவை மறித்து என் தொந்தியைக் கிள்ளி, "இன்னும் வரேல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சீல் இறைச்சிச் சூப் ஒரு வாளி கொடுத்துவிட்டுப் போனார். வயதுபோன காலத்தில் பிள்ளைத்தாச்சி ஆனேன்.

நல்ல மனிதர்கள். அவர்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

புரட்டாதி 15

எல்லோரும் குடாவுக்குள் மூன்று நாள் பயணம் போனார்கள். வழிக்குத் தின்ன ரொட்டியும் மீன் கட்லட்டும் செய்து கட்டிக்கொடுத்தேன். கரையில் நின்று கையசைத்தேன். கடைசிக் கயாக் முனையைத் திரும்பும் வரை நின்றேன்.

பவளம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். தான் லீவு என்று சொல்லவில்லை, சும்மா வந்ததாகச் சொன்னாள்.

புரட்டாதி 27

கை நடுக்கம் இல்லை. யன்னலைச் சாத்திவிட்டேன். பவளம் இப்போதெல்லாம் என் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டுதான் நித்திரை கொள்கிறாள். நாடி பார்க்கிறாள் என்று முதலில் கையை இழுத்தேன். இப்போது இழுப்பதில்லை.

ஐப்பசி 19

டொக்டர் விட்டுவிட்டார். காற்று இல்லை, மலையில் புதுப் பனி. நிவி வேலைக்கு அரைநாள் மட்டம். பவளம் என்னைவிட முன்னுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

காலை நுழைத்தேன், இடுப்பை நெளித்தேன். உள்ளே போக மறுத்தது. மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ள, போய்ச் சேர்ந்தது. மாசிக் தொடையில் வந்து இருந்தது. நிவி விரலை நுழைக்கப் பார்த்தாள், நகம்கூடப் போகவில்லை. தலையை நிமிர்த்திக் கடலைப் பார்த்து ஏதோ அவர்கள் மொழியில் கத்தினாள். என்னவென்று கேட்டேன். "நான்தான் ரெண்டாவது ஆள் எண்டு சொன்னன்" என்றாள்.

கரையோரமாக ஒரு சுற்று. ஒருதரம் கவிழ்ந்தேன், வேண்டுமென்றுதான். நிமிரப் பார்த்திருக்கலாம். தலைகீழாக இருந்து இரண்டு கையையும் வெளியே நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். நிவியின் படகு வந்து கையில் முட்டியது. பிடித்து எழும்பினேன். பிச்சையாகத் தோன்றவில்லை.

திரும்பி வந்தால் கயாக்கிலிருந்து இறங்க முடியவில்லை! மூன்று மாதத்துச் சூப்பும் சோறும் வேலையைக் காட்டிவிட்டது. நெளிந்தேன், உந்தினேன், ஒட்டிய சிப்பி மாதிரி இருக்கிறேன். நிவி கரையில் சிரித்து உருளுகிறாள், உதவிக்கு வரவில்லை.

பவளம் சப்பாத்தோடு தண்ணீரில் இறங்கினாள். பின்னால் வந்து, என் கக்கத்துக்குள் இரண்டு கையையும் கொடுத்து நெஞ்சில் கோர்த்துப் பிடித்தாள். "நான் சொல்லேக்க முக்குங்கோ" என்றாள். வேலைப் பழக்கம். "இப்ப முக்குங்கோ! இன்னும்! நல்லா!" ஒரே இழுவை. கயாக் என்னை விட்டது. இருவரும் பின்பக்கமாகக் கூழாங்கல்லில் விழுந்தோம், நான் அவள் மேலே, முழுப் பாரத்தோடும்.

"எழும்புறன், விடும், நசிஞ்சுபோவீர்" என்றேன்.

விடவில்லை. கோர்த்த கையை இன்னும் இறுக்கினாள். ஆடி மாதத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், என் பிடரியில் முகத்தை வைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள்.

"பாரமா இருக்கிறியள்" என்றாள். "பாரமா இருக்கிறியள்."